பிடரியில் ஓர் ஆக்கிரமிப்பு

ஒரு திங்கட்கிழமை காலை, சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சர்வேயர் எழுந்து நின்று ஓர் ஆணை பிறப்பித்தார்.

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல என் கழுத்தைப் பத்தி யாரும் பேசக் கூடாது."

அவரையும் சேர்த்து வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஆணை யாருக்கு என்பதில் குழப்பம் வர வழியில்லை. அவர் மனைவி எம்ப்ராய்டரி வளையத்தில் இறுக்கியிருந்த துணியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "சரிங்க" என்றாள்.

இருபத்தாறு வருஷ இல்லறத்தில் அந்தச் "சரிங்க" வந்தபோதெல்லாம் அவர் எதையாவது இழந்திருக்கிறார். ஒரு தடவை மீசை. ஒரு தடவை கூடத்தில் கிடந்த சாய்வு நாற்காலி. இன்னொரு தடவை, நண்பர்களோடு போக மூட்டை கட்டியிருந்த ஒரு வாரச் சுற்றுலா. இருந்தும் மனிதர் பாடம் படிக்கவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, சீட்டி அடித்தபடி வேலைக்குக் கிளம்பினார்.

கழுத்து விவகாரம் எட்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது. துணி துவைக்கும்போது அவருடைய மூன்று சட்டைகளின் காலரில், ஒரே இடத்தில், பொட்டு வைத்தாற்போல் ரத்தக்கறை இருந்ததை அவள் பார்த்தாள். அன்று சாயங்காலம் அவரை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்திப் பார்த்தால், பிடரியில், முடி முடிகிற இடத்துக்குக் கீழே, பயறு அளவில் ஒரு கறுத்த திட்டு. மெழுகு பூசியதுபோல் மினுமினுப்பு. நடுவில் சின்னதாக ஒரு பொருக்கு.

முடிவெட்டுகிறவர் கத்தியால் கீறிவிட்டார் என்றார் இவர். முடிவெட்டிக்கொண்டு ஒன்றரை மாதம் ஆகிறதே என்றாள் அவள். அப்படியானால் கொசு என்றார். எட்டு மாதமாகவா ஒரே கொசு ஒரே இடத்தில் கடிக்கும் என்று பிற்பாடு அவள் கேட்டதற்கு, அது பழகிய கொசு என்று பதில் சொன்னார்.

வெயில்தான் காரணமாக இருக்கும், தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. அவருக்கு அதுதான் பிடிக்கவில்லை. வெயிலுக்குப் பயப்படுவது வெள்ளைத் தோல்காரர்கள் வேலை என்பது அவர் கட்சி. தன்னுடையது நல்ல கெட்டிக் கறுப்பு. வெயில் அதில் பட்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடும். இருபத்தெட்டு வருஷம் நிலம் அளந்தவனுக்கு வெயில் மாமன் மச்சான் மாதிரி.

உண்மையில் அவர் வேலையே வெயிலுக்கு வாகாக அமைந்த வேலை. முக்காலியின் மேல் அளவுக் கருவியை நிறுத்த வேண்டும். அதில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி. குமிழி நட்டநடுவில் நின்றால்தான் அளவு சரி. வெயில் பட்டால் குமிழி நகர்ந்துவிடும். அதனால் கருவிக்குக் குடை பிடிக்கவே தனியாக ஒருவர் உண்டு. அவர் ஓய்வு பெற இன்னும் ஒரே வருஷம் பாக்கியிருந்த பெரியவர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் குடைக்காரர். குடைக்காரர் கருவிக்குக் குடை பிடிப்பார். சர்வேயர் குடைக்கு வெளியே நின்று, தலையை மட்டும் உள்ளே நீட்டி, குனிந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பார். குனிகிற மனிதனின் பிடரி வானத்தைப் பார்க்கும். நாள் முழுக்க, வருஷம் முழுக்க, அவர் பிடரி வானத்தைப் பார்த்தது.

"மிஷினுக்குக் குடை, மனுஷனுக்கு வெயிலா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"மிஷின் கெட்டா அளவு தப்பாயிடும்."

"நீங்க கெட்டா?"

"நான் என்னைக்குத் தப்பாயிருக்கேன்?"

அதற்கு அவளிடம் பெரிய பட்டியலே இருந்தது. நேரம் பார்த்துத் தருவோம் என்று உள்ளே வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அகல விளிம்பு வைத்த தொப்பி ஒன்று தைத்துக் கொடுத்தாள். அது கருவிக்கு மிகப் பொருத்தமாக இருந்ததென்று குடைக்காரர் வந்து சொன்னார். வெயிலுக்குப் பூசுகிற களிம்பு வாங்கிப் பையில் வைத்தாள். முக்காலியின் திருகுகள் இப்போது சத்தமே போடுவதில்லை என்று அதே குடைக்காரர் சொன்னார். டாக்டரிடம் இரண்டு தடவை நேரம் வாங்கினாள். இரண்டு தடவையும், எங்கோ ஒரு மூலையில், அன்றைக்கே அளந்தாக வேண்டிய ஒரு நிலம் முளைத்தது.

இந்த இடத்தில் சர்வேயரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றியது கிடையாது. பெரிய மனிதர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். மேலதிகாரி கண்ணை உருட்டியிருக்கிறார். "கையெழுத்துப் போட்டாச்சு. மாத்திப் பழக்கமில்ல" என்பார். வீட்டில் அதை வாரம் ஒருமுறையாவது சொல்வார். சொல்லிச் சொல்லி அவள் காதில் அது நன்றாக ஊறியிருந்தது.

ஆணை பிறந்த வாரம் கழுத்து என்ற சொல்லே வீட்டில் கேட்கவில்லை. சனிக்கிழமை ஆகும்போது சர்வேயருக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. யாரும் கேட்காத கழுத்தை அவரே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் காபியோடு உட்கார்ந்திருக்கையில், அவள் மூன்று தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். மூன்றிலும் கட்டம் கட்டமாகக் கோடு. கோடுகளின்மேல் ஒழுங்கில்லாத ஓர் உருவம், கலர் பென்சிலால் தீட்டியது. ஓரத்தில் வடக்கு எது என்று அம்புக்குறிகூட இருந்தது. தன் தம்பி ஒரு மனை வாங்கப் போகிறான் என்றாள். அந்த மனையின் நடுவில் ஏதோ கழிவு கொட்டியதுபோல ஒரு திட்டு இருக்கிறதாம். எட்டு மாதத்தில் மூன்று தடவை வரைந்து வைத்திருக்கிறார்களாம். வாங்கலாமா வேண்டாமா என்று அத்தானைக் கேட்டுச் சொல்லச் சொன்னானாம்.

சர்வேயர் காபியைக் கீழே வைத்தார். மச்சினன் அவரிடம் யோசனை கேட்கிறான். நான்கு வருஷத்துக்கு முன்னால், அவர் அளந்து கொடுத்த மாமனார் வீட்டுச் சுவரைத் தையல் டேப்பால் திருப்பி அளந்து, அரைச் சாண் குறைகிறதென்று சொந்தக்காரர்கள் நடுவில் சொன்ன மச்சினன். அவன் வாங்கப் போகிற மனை உதவாக்கரை என்று எழுதிக் கொடுக்க ஒரு வாய்ப்பு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வடக்குல என்ன இருக்கு?"

"புல்லு. முன்னாடி நல்லா அடர்த்தியா இருந்திச்சு. இப்ப அங்கங்க சொட்டை."

"கவனிப்பில்லாத இடம். தெக்கால?"

"வெள்ளையா ஒரு வேலி. அடிக்கடி உரசிக்கிட்டே இருக்கும்."

"நிழல்?"

"பொட்டு நிழல் கிடையாது. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்தான்."

"மனைக்காரன் என்ன சொல்றான்?"

"அது ஒண்ணுமில்ல, சும்மா இருக்குங்கறாரு. பாக்கவே விட மாட்டேங்கறாரு."

சர்வேயர் கடகடவென்று சிரித்தார். அப்படிச் சொல்கிற நூறு பேரை அவர் வாழ்க்கையில் பார்த்திருக்கிறார். பார்க்க விடமாட்டேன் என்கிறவன் நிலத்தில்தான் வில்லங்கம் படுத்துக் கிடக்கும். "அந்த ஆளு சுத்த முட்டாளா இருக்கணும், இல்ல பயந்தாங்கொள்ளியா இருக்கணும்" என்றார்.

"ரெண்டும்தான்னு நினைக்கறேன்" என்றாள் அவள்.

அவர் மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதற்கப்புறம் அவர் கணவனாக இல்லை. முழு சர்வேயராக ஆகிவிட்டார். ஸ்கேல் எடுத்தார். கட்டங்களை எண்ணினார். தென்கிழக்கு மூலையில் ஒரு நாக்கு நீண்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, முதல் படத்தில் இது இல்லை பார் என்றார். அவள் பார்த்தேன் என்றாள். இந்தப் பாதியும் அந்தப் பாதியும் ஒன்றுபோல இல்லை என்றார். ஒரே கழிவென்றால் ஒரே நிறமாக இருக்க வேண்டும். இங்கே மண் நிறம், கறுப்பு, ஓரத்தில் சாம்பல் என்று மூன்று நிறம், அப்படியென்றால் மேலே தெரிவது பாதிதான், மீதி கீழே இறங்கியிருக்கிறது என்றார். பேசப் பேச அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை. தாளும் பேனாவும் கேட்டார். இரண்டும் தயாராக அவள் கையிலேயே இருந்தன. அதையாவது அவர் யோசித்திருக்கலாம்.

அறிக்கையை அவர் ஆபீஸ் தமிழில் எழுதினார். "மேற்படி திட்டு எட்டு மாத காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகியுள்ளது. எல்லைகள் ஒழுங்கற்றவை. இது ஐயத்துக்கு இடமின்றி ஆக்கிரமிப்பே ஆகும். தானாகச் சரியாகும் என எதிர்பார்ப்பது அறியாமை. உரிமையாளரின் பேச்சைப் பொருட்படுத்தாமல் இதனை உடனடியாகத் தோண்டி அகற்ற வேண்டும். சுற்றிலும் நல்ல மண்ணையும் சிறிது சேர்த்தே எடுக்க வேண்டும். எடுத்த மண்ணைச் சோதனைக்கு அனுப்பி அறிக்கை பெற வேண்டும். ஒரு நாள் தாமதமும் கூடாது." கீழே தேதி போட்டு, நீளமாக ஒரு கையெழுத்துப் போட்டு, அதற்கடியில் கோடும் இழுத்தார்.

"அவன்கிட்டக் குடு. மறுபேச்சுக் கிடையாதுன்னு சொல்லு."

"மாத்த மாட்டீங்களே?"

"கையெழுத்துப் போட்டாச்சு. மாத்திப் பழக்கமில்ல."

அவள் அறிக்கையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அவரை எழுப்பி, நிலைக்கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தாள்.

"இப்ப மனையை நேர்ல பாத்துருங்க."

சர்வேயர் பார்த்தார். தன் பிடரியை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வடக்கே சொட்டை விழுந்த புல். தெற்கே வெள்ளை பனியனின் விளிம்பு. நடுவில் அந்தத் திட்டு. மூன்று நிறம். தென்கிழக்கில் நாக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டுவிட்டு அவர் குப்புறப் படுத்துத் தூங்குவது வழக்கம். அவர் குறட்டை விடும்போது அவள் பிடரியில் பட்டர் பேப்பரை வைத்துத் திட்டை வரைந்து எடுத்திருக்கிறாள். சின்னப் பூவைக் கட்டம் போட்டுப் பெரிய பூவாக்குவது எம்ப்ராய்டரிக்காரிக்குத் தினசரி வேலை. பூவை ஆக்கியதுபோல இதையும் ஆக்கியிருக்கிறாள்.

தம்பி மனை எதுவும் வாங்கவில்லை என்று அவரே மெதுவாகச் சொன்னார். ஆமாம், வாங்கவில்லை என்றாள். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்றார், இன்னும் மெதுவாக. அவள் இடுப்பில் செருகிய தாளைத் தட்டிக் காட்டினாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் அவர் டாக்டரிடம் போகாததற்குக் காரணம் கறுப்புத் தோலும் இல்லை, வெயிலின் மாமன் மச்சான் உறவும் இல்லை. பயம். முதல் நாள் காலரில் ரத்தத்தைக் காட்டியபோதே அது கொசு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேசாமல் இருந்தால் அது இல்லாமல் போகும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள், பக்கத்தில் உட்கார்ந்து. "ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம். நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க."

நாளைக்கு ஒரு நிலம் அளக்க வேண்டியிருக்கிறது என்று பழக்கதோஷத்தில் அவர் வாய் சொல்லிவிட்டது. குடைக்காரர் நாளைக்கு லீவு என்றாள். அவர் ஒரு வாரம் முன்பே அவளிடம் சொல்லிவிட்டாராம். குடை இல்லாமல் குமிழி நிற்காது.

தோல் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. விளக்கு வைத்த லென்ஸால் பிடரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு மூன்று படங்களையும் பார்த்தார். இவ்வளவு ஒழுங்கான பதிவோடு யாரும் தன்னிடம் வந்ததில்லை என்று அவளைப் பாராட்டினார். அவள் நான்காவது தாளையும் எடுத்து நீட்டினாள். அதைப் படிக்கப் படிக்க, சிரிப்பை அடக்கி டாக்டரின் உதடு துடித்தது.

"இது யார் எழுதினது?"

"நிலத்துக்குச் சொந்தக்காரர்தான்" என்றாள் அவள்.

"நான் எழுத வேண்டியதையெல்லாம் எழுதிட்டாரு. எடுக்கணும். ஓரத்துல கொஞ்சம் கூடுதலா எடுக்கணும். சோதனைக்கு அனுப்பணும்."

கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பார்களே என்று சர்வேயர் ஈனக்குரலில் கேட்டார். கறுப்புத் தோல் ஒரு நல்ல குடைதான், வெள்ளைத் தோலைவிட ஆபத்து நிறையவே குறைவு என்றார் டாக்டர். ஆனால் எந்தக் குடையும் இருபத்தெட்டு வருஷம் தினமும் பகல் முழுக்கத் தாங்காது. நமக்கு வராது என்று நினைத்துக்கொண்டு நம்மவர்கள் தாமதமாக வருவதுதான் பெரிய தொல்லை என்றும் சொன்னார்.

அந்த வாரமே எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் வலிக்கவில்லை. சோதனை முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் சர்வேயர் வீட்டுச் சுவர்களையெல்லாம் அளந்தார். சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில் எத்தனை அடி என்று அவருக்குக் கனவிலும் தெரிந்தது. அவள் ஒரே பூவை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

பதினொன்றாம் நாள் டாக்டர் தாளைப் பார்த்துச் சொன்னார். தோல் புற்றுநோய்தான். ஆனால் மெதுவாக வளர்கிற வகை, வேறெங்கும் போகவில்லை. "முழுசா எடுத்தாச்சு. எல்லை சுத்தமா இருக்கு."

எல்லை சுத்தமாக இருக்கிறது என்ற வார்த்தையின் அருமை சர்வேயருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்களுக்கு அதைச் சொல்லி, அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்தவர். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் கைப்பையிலிருந்து தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்து, நாடாவைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். அவர் தலையை ஆட்டாமல் காட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு வேலைக்கு இரண்டு குடைகள் போயின. ஒன்று முக்காலிக்குப் பக்கத்தில் நட்டு வைத்தது. இன்னொன்றைக் குடைக்காரர் சர்வேயரின் பிடரிக்குப் பிடித்தார். "இந்த மிஷின்தான் சார் ரொம்ப ஆடுது" என்பார். சர்வேயர் கோபித்துக்கொள்ளவில்லை. களிம்பையும் திருகுக்குப் போடாமல் கழுத்துக்கே போட்டுக்கொண்டார்.

ஆனால் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவர் மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டின மனைவியிடம் அதை எப்படிச் சொல்வது? பதினைந்து நாள் ஒத்திகை பார்த்தார். ஒருநாள் சமையலறை வாசல் வரைக்கும் போய், தொண்டையைச் செருமி, "உப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

சொல்ல முடியாததால் அவளைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தார். நிலத்தைப் பார்க்கிற கண்ணால் பெண்டாட்டியைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றென்று அப்போதுதான் உறைத்தது. அவள் தினமும் பகல் பன்னிரண்டுக்கு மொட்டை மாடியில், தலையில் ஒரு துணிகூட இல்லாமல், துணி காயப்போடுகிறாள். அதோடு இன்னொன்றையும் பார்த்தார். இடது முழங்கைக்குப் பின்னால், அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில், கருநீலமாக ஒரு திட்டு.

நேரே சொன்னால் கேட்கமாட்டாள், நான் மட்டும் கேட்டேனா என்று யோசித்தார். அவள் வழியிலேயே அவளை மடக்குவதென்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் படுத்திருக்கையில், அவள் பெட்டியிலிருந்தே பட்டர் பேப்பர் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தார். மறுநாளே, மாடிப்படி ஏறுவது தனக்கு நல்லதென்று டாக்டர் சொன்னதாக ஒரு பொய் சொல்லி, துணி வாளியை வாங்கிக்கொண்டார். காலை எட்டு மணிக்குள் ஆபீஸ் போகுமுன் காயப்போட்டார். அடுத்த ஞாயிறு வரைந்தார். திட்டு பெருத்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் பெருத்திருந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இனித் தாங்காது என்று மறுநாள் காலையிலேயே மூன்று தாள்களையும் கட்டம் போட்டு அவள் முன்னால் விரித்தார். குடைக்காரர் ஒரு மனை பார்த்திருக்கிறார் என்று ஆரம்பித்தார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றையும் பொறுமையாகப் பார்த்தாள். வடக்கில் என்ன என்று கேட்டாள். ரவிக்கைக் கை என்று சொல்ல வந்து அவர் விழுங்கிக்கொண்டார். அவள் பேனாவைக் கேட்டு வாங்கி, தாளின் அடியில் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும்."

எம்ப்ராய்டரி மாதிரியைத் துணியில் பதிக்கிற மை. முதல் தடவை தெரியாமல் பட்டது.

"அப்ப வளர்ந்திச்சே?"

"நான்தான் வளத்தேன். நீங்க முதல் தடவை பேப்பரை வெச்சப்பவே முழிச்சிட்டேன். கை அப்படி நடுங்கிச்சு."

"மூணு வாரமா நான் சோறு தண்ணி இல்லாம... அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"மறுநாளே வாளியை வாங்கிட்டீங்க" என்றாள் அவள். "சொன்னா திருப்பிக் குடுத்திருவீங்களேன்னு பாத்தேன்."

சர்வேயருக்கு முதலில் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முழங்கையைப் பிடித்து, எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். திட்டு கரைந்து விரலில் ஒட்டியது. உள்ளே தோல் பழுதில்லாமல் இருந்தது. எல்லை சுத்தம். பதினைந்து நாள் ஒத்திகை பார்த்தும் வராத வார்த்தை அப்போதும் வரவில்லை. வேறு வார்த்தை வந்தது.

"இனிமே எப்பவும் நானே காயப்போடறேன். போதுமா?"

அவள் இன்னொரு தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். அதில் அந்த வாக்கியம் ஏற்கெனவே எழுதி, தேதியும் போட்டிருந்தது. கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

அவர் நீளமாகக் கையெழுத்துப் போட்டு, அடியில் கோடும் இழுத்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, வாளியோடு படியேறினார். கையெழுத்துப் போட்டதை மாற்றி அவருக்குப் பழக்கமில்லை.